ஆட்சேபணை இல்லை

இப்போதே சொல்லிவிடலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் தோள் என் தோளில் இடிக்கிற நெருக்கத்தில், செங்கல்பட்டு கோர்ட் வராந்தாவில் ஒரு கால் குட்டையான இந்த பெஞ்சில், முந்தானை நுனியால் விசிறிக்கொண்டு. அஞ்சுகம் அக்கா, இன்னிக்கு நான் உங்க வழக்குலேர்ந்து விலகிக்கறேன். அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது. ஆபீஸ் காரில் வரும்போது சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதிலிருந்து இதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், டிரைவர் இரண்டு தரம் கண்ணாடியில் பார்த்தார். விலகிக்கறேன் என்பதா, விலக வேண்டியிருக்கு என்பதா. வேண்டியிருக்கு என்றால் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள் என்று ஆகும், அது உண்மைதான், ஆனால் தள்ளினால் நீ விழுந்துவிடுவாயா என்று அவள் கேட்டால்? கேட்க மாட்டாள். அதுதான் எரிகிறது. சரிங்க மேடம் என்பாள். நான் எது சொன்னாலும் சரிங்க மேடம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள். வக்கீல் கழுத்துப் பட்டையின் கஞ்சி வியர்வையில் ஊறி அரிக்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று எங்கே போகிறதென்று தெரியவில்லை. எதிர் பெஞ்சில் வரதராஜன் கைக்குட்டையை விரித்து அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி, எங்கள் எதிர்த்தரப்பு, இன்றைக்குக் கூண்டில் ஏற வேண்டிய சாட்சி. வெள்ளை முடி படிய வாரி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. யாரும் இவரைப் பார்த்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அஞ்சுகமே கொடுத்தாள். வந்ததும் வராததுமாக அவர் இந்தப் பக்கம் திரும்பி, "என்னம்மா, உடம்பு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்க, இவள் "நல்லாக்கீறேன் சார்" என்று பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பாதி. முழங்கால் நிமிர்வதற்கு முன் ஞாபகம் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "பழக்கம் மேடம்" என்றாள். எனக்கு அந்த மனிதரின் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. நான் எதையும் கிழிக்கிற ஆள் இல்லை. நான் சரி சார் சொல்கிற ஆள். நேற்றுச் சொன்னேனே.

நேற்று மத்தியானம் ஜெயகர் சார் கூப்பிட்டார். எங்கள் நிறுவனத்தின் மூத்த பங்குதாரர், பெரிய கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கும்போது நடுவில் உட்கார்ந்து பேசுகிறவர், குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. செம்மலர் என்ற என் பெயரை செம் என்று வெட்டியவர். அப்பா மேடையில் நின்று கொடி பிடித்த காலத்தில் வைத்த பெயர், விருத்தாசலத்தில் அது ஒரு முழுப் பெயர், நுங்கம்பாக்கம் ஆபீசில் ஏதோ மாத்திரை மாதிரி ஆகிவிட்டது. "உக்காரு செம். அந்த லிஃப்ட் கேஸ், ரொம்ப அழகா பண்ணிட்ட. நிஜமாவே. ஆனா ஒரு சின்ன விஷயம்." சின்ன விஷயம் என்னவென்றால், அந்தக் குடியிருப்பைக் கட்டிய கம்பெனி இனி எங்கள் கட்சிக்காரர். ஊருக்கு வெளியே ஒரு டவுன்ஷிப்பே எழுப்பப் போகிறார்கள், அதன் பத்திரம் முதல் பஞ்சாயத்து வரை எல்லாம் நம்மிடம்தான். "நாம வழக்கு போட்டது சங்கத்து மேலதான் சார், பில்டர் மேல இல்லயே." "தெரியும். சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல. பார்க்க நல்லா இல்ல, அவ்ளோதான். நாம செய்யறது சேவை செம். சேவைங்கறது யார் மனசையும் புண்படுத்தக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையிலேயே கனிவு இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது, அந்தக் கனிவு நடிப்பில்லை. "நாளைக்குக் குறுக்கு விசாரணை சார். செக்ரட்டரி கூண்டில ஏறப் போறார்." "அதனாலதான் சொல்றேன். அதுக்கு முன்னாடி விலகிடு. இலவச சட்ட உதவி மையம் இருக்கு, அங்க யாராவது எடுத்துப்பாங்க. கோர்ட்டுல ஆட்சேபணை இல்லைன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. உன்னை நம்பறாங்க இல்ல? சொல்லுவாங்க." அப்போதுதான் நான் சொன்னேன், சரி சார். யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி வந்தது. எழுந்து கதவு வரைக்கும் போன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. கதவைப் பிடித்தபோது அவர், "ஏப்ரல்ல உன் பேரு இருக்கு, தெரியும்ல" என்றார். பங்குதாரர் ஆகப் போகிறவர்களின் பெயர்கள் ஏப்ரலில் வரும். தெரியும் என்று தலையாட்டினேன். உன்னை நம்பறாங்க இல்ல. நம்பிக்கை என்பது இவருக்கு ஒரு சாவி. யார் வீட்டுக் கதவு எதால் திறக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்வது. உன்னை நம்பறாங்க இல்ல, உன்னை நம்பறாங்க இல்ல, ராத்திரி முழுக்க இதே வாக்கியம் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

"மேடம், அவரு பொய் சொன்னார்னா நான் எழுந்து பேசலாமா?" அஞ்சுகம் கேட்கிறாள். மெதுவாக, எதிரே காதில் விழாதபடிக்கு. கூடாது என்கிறேன். "நடுவுல பேசக் கூடாதுக்கா. ஜட்ஜம்மா கோச்சுக்குவாங்க." "அப்ப நீங்க பேசுவீங்க." கேள்வி இல்லை அது. நான் ம் என்கிறேன். ம் என்பது பொய்யா? ம் என்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் அர்த்தம் கிடையாது, சாட்சி தலையாட்டினால்கூட வாயால் சொல்லச் சொல்வார்கள். அவள் திருப்தியாகத் திரும்பவும் விசிறிக்கொள்கிறாள். கோபம் அவள் மேல் போகிறது இப்போது. எதற்கு என்னை இப்படி நம்பித் தொலைக்கிறாய்? கண்ணகி நகரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி, வேலைக்கு லீவு சொல்லி, அந்த வீட்டுக்காரம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தேதிக்கும் எனக்கு முன்னால் வந்து இதே பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருப்பாய். தேதி தள்ளிப்போனால் "பரவால்ல மேடம்" என்பாய். ஒரு தரமாவது என் மேல் எரிந்து விழுந்திருந்தால் இன்று எனக்குச் சொல்ல எளிதாக இருந்திருக்கும். இந்தம்மா கஷ்டமான கட்சிக்காரர் என்று மனதுக்குள் ஒரு காரணம் கட்டியிருப்பேன். பார், எப்படிப் போகிறது புத்தி. கத்தியை வைத்திருப்பவள் கழுத்தின் மேல் கோபப்படுகிறாள்.

அவளுக்கு நேர்ந்ததை நான் மனுவில் எழுதியிருக்கிறேன், மூன்று முறை திருத்தி, உணர்ச்சியே இல்லாத சொற்களில், ஏனென்றால் உணர்ச்சி இருந்தால் பலவீனம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாதி மேற்படி குடியிருப்பில் பதினோராம் மாடியில் வீட்டு வேலை செய்து வந்தார். சம்பவம் நடந்தபோது வாதி ஐந்து மாதக் கர்ப்பிணி. மேற்படி என்று எழுதும்போதெல்லாம் அவள் படியில் மேலே ஏறுவது எனக்குத் தெரியும். கீழே லிஃப்டுகள் இருக்கும் இடத்தில் பித்தளையில் ஒரு போர்டு, வீட்டு வேலையாட்கள், டெலிவரி ஆட்கள், செல்லப் பிராணிகளுடன் வருவோர் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்தவும். பித்தளையை வாராவாரம் துலக்குவது அவளுடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது, சங்கத்துக்காக, தனியாக. அந்த சர்வீஸ் லிஃப்ட் நின்று போய் பல நாள் ஆகியிருந்தது. பக்கத்திலேயே இரண்டு லிஃப்டுகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன, கண்ணாடியும் மெல்லிய சங்கீதமும் வைத்து. அவள் படியில் ஏறினாள். தினமும் ஏறினாள். ஒருநாள் காலையில் ஏழாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செக்யூரிட்டி ஆட்கள் வந்தார்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, நாற்காலியோடு அவளைத் தூக்கி, படி வழியாக, திரும்பவும் படி வழியாக, கீழே இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்து, சாய்த்து, நிமிர்த்தி. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் முதல் சந்திப்பில், ஆபீசின் குளிர்ந்த அறையில், மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள், "இன்னா கொழந்தன்னு நான் கேக்கல மேடம். கேட்டா மனசு பேர் வெச்சிரும்." நான் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு கேட்டேன், உங்களுக்கு என்ன வேணும்கா, நஷ்ட ஈடு எவ்வளவு கேக்கலாம். அவள் அதைப் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "அந்த போர்டை எடுக்கணும். அவங்க கையாலயே எடுக்கணும்."

வரதராஜனின் பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. சம்பவத்தன்று மனிதாபிமான அடிப்படையில் வாதிக்கு நாற்காலி வழங்கப்பட்டது. வழங்கப்பட்டது. ஏதோ பொன்னாடை மாதிரி. இந்த வரியைப் படித்த அன்று நான் ஆபீஸ் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இந்த வரிக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன், இவரைக் கூண்டில் நிறுத்தி, மனிதாபிமான அடிப்படை என்றால் என்ன சார், கொஞ்சம் விளக்குங்க என்று கேட்பதற்கு. இரண்டு தேதிகளுக்கு உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிட்டார். இன்று வந்துவிட்டார், கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருக்கிறார். ஏன் வந்தார்? சொல்லியிருப்பார்கள். இன்னிக்கு ஒண்ணும் இருக்காது சார், சும்மா போய்ட்டு வாங்க, அந்தப் பக்க வக்கீல் விலகிடுவாங்க என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் அஞ்சுகத்துக்குத் தெரியாதது இவருக்குத் தெரியும். இவர் உடம்பு பரவாயில்லையா என்று கேட்டபோதே தெரியும். அந்தக் கனிவும் நடிப்பில்லை. இந்த நாட்டில் கனிவுக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் சேவை வாரத்தில் எத்தனை கனிவு. கடுகு மஞ்சள் பனியனில் நெஞ்சுக்கு நேரே நிறுவனத்தின் பெயர், முதுகில் நீதி எல்லோருக்கும். ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடச் சுவரில் உள்ளங்கையில் வண்ணம் தோய்த்து அச்சுப் பதித்தோம், எல்லோரும், பங்குதாரர்கள் உட்பட, பிள்ளைகள் வரிசையாக நின்று பெரியவர்கள் விளையாடுவதைப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் போனபோது அதே சுவர் சுத்தமாக வெள்ளையடித்து இருந்தது, எங்களுக்காக, மறுபடியும் பதிக்க. தலைமையாசிரியை சொன்னார், வேற இடம் இல்லைங்க, வருஷா வருஷம் உங்களுக்காக அடிச்சு வெக்கறோம். நான் பதித்தேன். நீலம். கடலோரத்தில் சட்ட முகாம் போட்டோம், நாற்காலி போட்டுப் பதாகை கட்டி, வந்த மீனவர் ஒருவர் படகு பதிவு பற்றிக் கேட்டதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, அவருக்குத் தொப்பி கொடுத்தோம். இதெல்லாம் சிரிப்பாக இருந்தது அப்போது. அஞ்சுகத்தின் வழக்கு இதே சேவைக் கணக்கில் வந்தபோது நான் அப்படி நினைக்கவில்லை. இது நிஜம் என்று நினைத்தேன். இங்கே ஒரு பித்தளை போர்டு இருக்கிறது, அதைக் கழற்ற முடியும். நிறுவனமும் சந்தோஷப்பட்டது. ஏன் சந்தோஷப்பட்டது என்று விருது விழாவில்தான் புரிந்தது.

கடற்கரைச் சாலை ஹோட்டலில் சாயங்கால விழா. சிறந்த சமூகப் பணிக்கான விருது, ஏதோ சட்டப் பத்திரிகை கொடுத்தது. விளக்கு அணைந்து திரையில் எங்கள் படம் ஓடியது. வயலின். ஒரு பெண்ணின் வெடித்த பாதம், படி ஏறுகிறது. மேலே, இன்னும் மேலே. மூச்சு வாங்கும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்திருந்தார்கள். பிறகு முகம். அஞ்சுகம். எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் படி அது, தீயணைப்பு வழி, எனக்கு அந்தச் சுவரின் சாம்பல் நிறம் தெரியும். எனக்குச் சொல்லாமலே விளம்பரப் பிரிவில் அவளை அழைத்துவந்து எடுத்திருக்கிறார்கள். என் மேஜையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எதிரில் இருந்தவர் எலுமிச்சைத் துண்டைப் பிழிவதை நிறுத்திக் கைதட்டினார். மறுநாள் அவளிடம் போனில் கேட்டேன். "ஆமா மேடம், நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னாங்க. மூணு தபா ஏறச் சொன்னாங்க. மொத தபா நான் சிரிச்சுட்டேனாம், சரியா வரலயாம்." ஏன்கா சிரிச்சீங்க என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல். "கேமரா தூக்கினு ஒரு பையன் எனக்கு முன்னாடி பின்பக்கமாவே ஏறினான் மேடம். விழுந்துருவானோன்னு பாத்தேன். சிரிப்பு வந்துருச்சு." நான் ஜெயகர் சாரிடம் போய்ச் சொன்னேன், இது தப்பு சார், அவங்களை மறுபடி ஏற வெச்சிருக்காங்க. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்படியா? ச்சே. நான் பேசறேன்" என்றார். பேசினார் என்றுதான் நினைக்கிறேன். படம் இன்றும் எங்கள் இணையதளத்தில் இருக்கிறது. அந்தப் படியில் ஏறிய பெண்ணுக்காகத்தான் விருது, அது வரவேற்பறையில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது, அந்தப் பெண்ணின் வழக்கிலிருந்து நான் இன்று விலக வேண்டும், ஏனென்றால் அது பார்க்க நன்றாக இல்லையாம். இதில் எந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும்? எந்த இடமும் கத்துகிற மாதிரி இல்லை. எல்லா அறையிலும் தரைவிரிப்பு.

பயம்தான். கோபம் என்று சொல்லிக்கொள்கிறேனே, அதைக் கொஞ்சம் நகர்த்தினால் கீழே பயம். வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரின் மேல் கோப்புகளை அடுக்கி நோட்டரி முத்திரை குத்திக்கொண்டிருக்கிற அந்தம்மா, என் வயதுதான் இருக்கும், கோட்டின் அக்குள் தையல் விட்டிருக்கிறது, டீக்கடைக்காரர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஏன் அவரைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்? அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் அங்கே போய்விடுவேனோ என்று பயம். விருத்தாசலத்திலிருந்து கிளம்பி, பேர்போன சட்டக் கல்லூரியில் இடம் வாங்கி, கத்தியும் முள்ளும் பிடிக்கப் பழகி, செம் ஆகி, இவ்வளவு தூரம் ஏறியது இதற்கா. ஏறியது. பார், அதே சொல். என்னையும் படியில் ஏற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, அது அசிங்கம், அவள் இழந்ததும் என் ஏப்ரலும் ஒன்றில்லை. ஒப்பிடுகிற புத்தியை முதலில் செருப்பால் அடிக்க வேண்டும். போன் அதிர்கிறது. ஜெயகர் சார். முடிஞ்சுதா என்று மட்டும் எழுதியிருக்கிறார், பக்கத்தில் கைகூப்பிய சின்னம். கைகூப்பிய சின்னம். நான் போனை மடியில் கவிழ்த்துகிறேன்.

"இன்னா மேடம், ஒரு மாதிரி கீறீங்க?" என்கிறாள் அஞ்சுகம்.

"அக்கா." சொல்கிறேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, ஆரம்பித்துவிட்டேன். அந்த பில்டிங் கட்டின கம்பெனி எங்க ஆபீசுக்கு வந்துட்டாங்க. அதனால ஆபீஸ்ல என்னை இந்தக் கேஸை விடச் சொல்றாங்க. உள்ள கூப்பிட்டதும் நான் விலகிக்கறேன்னு சொல்லணும். ஜட்ஜம்மா உங்களைக் கேப்பாங்க. ஆட்சேபணை இல்லைன்னு நீங்க சொல்லணும். வேற நல்ல வக்கீல் கிடைப்பாங்க, நான் பாத்துத் தரேன். கடைசி வாக்கியத்தில் என் குரல் ஜெயகர் சாரின் குரலாகவே இருந்தது, அதே இறக்கம், அதே கனிவு. அவள் விசிறுவதை நிறுத்தினாள். எதிரே வரதராஜன் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அஞ்சுகம் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிங்க மேடம் வரும் என்று நான் காத்திருந்தேன். அது வந்தால் இந்த பெஞ்சிலேயே செத்துவிட வேண்டும் என்றும், அது சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்றும், இரண்டும் ஒரே நேரத்தில்.

"நான் சொன்னாத்தான் நீங்க போக முடியுமா?"

"ஜட்ஜம்மா அனுமதிக்கணும். நீங்க சரின்னு சொல்லிட்டா அனுமதிச்சிருவாங்க."

"சொல்ல மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. கறிவேப்பிலை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. "அக்கா, அது வந்து..." "சொல்ல மாட்டேன் மேடம். என்னிக்குத் தெரியும் உங்களுக்கு?" நேத்து என்றேன். "நேத்து என் நம்பர் உங்ககிட்ட இல்ல?" இருந்தது. "நான் பஸ்ஸுல வர்றப்ப இல்ல?" அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏறுன்னாங்க, ஏறினேன். மூணு தபா ஏறுன்னாங்க, ஏறினேன். இப்ப எறங்குன்றீங்க." அவள் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. இல்லை, எப்போதும் இருந்திருக்கும், என் பக்கம் திரும்பாமல் இருந்திருக்கும். அவளுக்குக் கோபம் வரும் என்பதையே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் முழுக்க என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவளுக்காக நான் படுகிற கோபம் என்று, அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நீதி எல்லோருக்கும். பனியன் முதுகு.

டவாலி வாசலுக்கு வந்து கூப்பிட்டான், அஞ்சுகம், அஞ்சுகம், அஞ்சுகம் என்று வராந்தா முழுக்க. எனக்கு முன்னால் எழுந்து உள்ளே போனாள். நான் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். நீதிபதி என்னைவிடச் சில வயதே மூத்த பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனுவை நீட்டினேன். யுவர் ஆனர், வாதியின் வழக்கறிஞர் என்ற முறையில் விலகிக்கொள்ள அனுமதி கோருகிறேன். சொல்லிவிட்டேன். பாருங்கள், அதையும் சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை ஏற்கெனவே மூடி வைத்துவிட்டார். நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "விசாரணை அன்னைக்கா? என்ன காரணம்?" என்றார். நிறுவனத்தின் காரணங்கள் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளை. "அஞ்சுகம்னு நீங்கதானேம்மா? உங்க வக்கீல் விலகிக்கறேங்கறாங்க. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"உண்டு."

"சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"இவங்கதான் வோணும்னு நான் சொல்லலம்மா. போறவங்க போகட்டும். ஆனா அவரு இன்னிக்கு வந்துகீறாரு." கையை நீட்டி வரதராஜனைக் காட்டினாள், விரலால் இல்லை, முழுக் கையால். "ரெண்டு தபா வரல. இன்னிக்கி இவங்க போயிருவாங்கன்னு தெரிஞ்சுதான் வந்துகீறாருன்னு நெனைக்கிறேன். எனக்கே இப்பதான் தெரியும். அவரு இன்னிக்கு பதில் சொல்லணும். கேட்டுட்டு இவங்க போகட்டும்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையால் உட்காரச் சொன்னார். என் மனுவை மடித்து ஓரமாக வைத்தார். "இதை அடுத்த தேதில பாக்கலாம். சாட்சி ஆஜர்ல இருக்கார். நீங்க இன்னும் வக்காலத்துல இருக்கீங்க. விசாரிங்க." விசாரிங்க. அந்தச் சொல் முதுகில் வைத்த கை மாதிரி இருந்தது, தள்ளியதா தாங்கியதா தெரியவில்லை. வக்காலத்தில் இருப்பது என் பெயர், செம்மலர் என்று முழுசாக, நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை, ஒரு நிறுவனம் கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாது, ஒரு ஆள்தான் நிற்க முடியும், இது முதலாண்டுப் பாடம். வரதராஜன் கூண்டில் ஏறி உறுதிமொழி சொன்னார். அவர் முகத்தில் குழப்பம், இப்படி இல்லையே என்கிற மாதிரி. நான் கோப்பைத் திறந்தேன். தயார் செய்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் வரிசையாக இருந்தன, ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. மனிதாபிமான அடிப்படை பற்றிக் கேட்க வேண்டும். வாய் வேறு எங்கோ போயிற்று.

"சம்பவம் நடந்தப்ப நீங்க ஏழாவது மாடிக்கு நேர்ல போனீங்களா?"

"போனேன். செக்யூரிட்டி சொன்ன உடனே போயிட்டேன். கடமைன்னு ஒண்ணு இருக்கில்லையா."

"எப்படிப் போனீங்க?"

அவர் புரியாமல் பார்த்தார். "லிஃப்டுலதான்."

"நீங்க போன லிஃப்ட் அப்புறம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. நான் திரும்பி வரணும்னு செக்யூரிட்டி ஆளு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

"அதே மாடியில? வாதி உக்காந்திருந்த இடத்துலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"பக்கம்தான். படிக்கதவைத் திறந்தா எதிரே." சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"லிஃப்டுக்குள்ள வேற யாராவது இருந்தாங்களா சார்?"

"இல்ல," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, மிகவும் தணிந்து, "காலியாத்தான் இருந்தது."

நீதிபதி தட்டச்சருக்குச் சொன்னார், சாட்சி மேலே சென்ற லிஃப்ட் சம்பவ இடத்துக்கு எதிரில் கதவு திறந்த நிலையில் காலியாக நின்றது. விசைகள் அடித்தன. நான் அஞ்சுகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இது புதிதா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தத் திறந்த கதவின் வெளிச்சம் அவள் மேல் விழுந்திருக்கும். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கவும் இல்லை. எனக்குள் ஏதோ அறுந்து, அதன் பிறகு கேள்விகள் தாமாகவே வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, நாற்காலி யாருடைய யோசனை, போர்டு எந்தக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது, அதை யார் துலக்கினார்கள். மதிய இடைவேளை வரை அவர் கூண்டில் நின்றார். ஒரு கட்டத்தில் தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஆபீஸ் கார் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது, டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். வாங்கக்கா, வழியில இறக்கி விடறேன் என்றேன். அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பஸ் கீது." நன்றி சொல்லவில்லை, நல்லா கேட்டீங்க மேடம் என்று சொல்லவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது, வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் வேண்டியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள்.

"அடுத்த தேதிக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அத்த மட்டும் சொல்லுங்க. மாட்டேன்னா இப்பவே சொல்லிருங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"ஆபீஸ் வராது," என்றேன். "நான் வருவேன்."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தெரியவில்லை. "வர்றதுன்னா முந்தின நாளே போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள், வேகமாக, திரும்பிப் பார்க்காமல். கையில் போன் அதிரத் தொடங்கியது. ஜெயகர் சார். இந்த முறை எழுதவில்லை, அழைக்கிறார். எடுத்தேன். அவர் பேசத் தொடங்குமுன் சொன்னேன், "செம்மலர் பேசறேன் சார்."